லாத்தா கடையில் இருந்த எங்கள் மூன்று வருடம்

டக் என்று ஒரு சத்தம். சற்று நிற்கும். மறுபடியும் டக். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு வெளியே குனிந்து நின்றபடி முதன்முதலில் அதைக் கேட்டபோது, உள்ளே யாரோ பாக்கு வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கல்லூரிக்கு எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்த அந்த ஜெராக்ஸ் கடையில் பாக்கு வெட்ட யாரும் இல்லை. அது கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருடைய மூன்று வருடப் படிப்பு அந்த வயிற்றுக்குள்தான் இருந்தது. இன்றைக்கும் வீட்டு மின்விசிறி தேய்ந்துபோய் அப்படி ஒரு சத்தம் போட்டால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கென்ன, அவர் அன்றைக்கு அந்தக் கடையில் நிற்கவில்லை.

கடைக்காரரை நாங்கள் எல்லோரும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பது வழக்கம். எங்கள் கோட்டுச்சேரிமேட்டு மீனவப் பிள்ளைகளுக்கும் அதுவே வாய்க்கு வந்துவிட்டது. முப்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் நழுவிக்கொண்டே இருக்கும் முக்காடு. மச்சான், அதாவது அவர் கணவர், துபாயில் இருந்தார். மதியம் போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் நகல் எடுத்தபடி பேசுவார். லாத்தாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. வானம் லேசாகக் கறுத்தால் போதும், பிளக்கைப் பிடுங்கிவிடுவார். ஈரக்குடையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. டீ கிளாஸ் மேசைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. பல்லி ஒன்று யூபிஎஸ் மேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் போடாமல் இருந்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் பக்கத்து உப்புக்காற்று எந்த மெஷினையும் நிம்மதியாக இருக்கவிடாது என்பது உண்மைதான். ஆனால் லாத்தா ஒரு துணியை வைத்துக்கொண்டு அந்தக் காற்றோடு நாள் முழுக்கச் சண்டை போட்டார்.

அந்தப் பயத்திலிருந்துதான் கடையின் முக்கியமான சட்டமும் பிறந்தது. மானிட்டரின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘பென்டிரைவ் போடக் கூடாது.’ எப்போதோ ஒரு மாணவன் கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் வந்து, லாத்தா அழுதுவிட்டாராம். அதற்குப் பிறகு யார் கெஞ்சினாலும் விடமாட்டார். கையால் எழுதிக்கொண்டு போய்க் கொடுப்போம், அவர் டைப் அடித்துத் தருவார், பிரிண்ட் எடுப்போம், காப்பி அவரிடமே இருந்துவிடும். எங்களில் யாரிடம் லேப்டாப் இருந்தது? இருந்த செல்போனிலும் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவுமே இடம் போதவில்லை. “எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு புள்ள, எங்க போயிடப்போவுது” என்பார் லாத்தா. பயந்தவர் ஒருவர் பத்திரமாக இருக்கிறது என்று சொன்னால் அதைவிட உறுதி வேறு என்ன வேண்டும்? நாங்களும் வங்கி லாக்கரில் வைத்த தெம்போடு திரிந்தோம்.

கடைசி செமஸ்டர் தொடங்கியதும் லாத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. “கண்டதையும் கண்ட எடத்துல போட்டு வச்சிருக்கீங்க. மூணு வருசத்ததையும் ஒண்ணா கொண்டாங்க. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுத் தரேன். நாளைக்கு வேலைக்கு அலையிறப்ப அந்த சர்ட்டிபிகேட் எங்க, இந்த செமினார் எங்கன்னு தேடக்கூடாது பாருங்க” என்றார். அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு ஒரே அடுக்கும் வேலைதான். கட்டிலுக்கு அடியிலிருந்தும் அலமாரி மேலிருந்தும் பழைய அசைன்மென்ட்டுகளைத் தேடி எடுத்தோம். செமினார் தாள்கள், கல்விச் சுற்றுலா அறிக்கை, என்எஸ்எஸ் சான்றிதழ் என்று கரையான் அரித்ததும் அரிக்காததுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். லாத்தா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தார். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருந்ததால் ஊர்வாரியாகப் பிரித்தார். வரிச்சிக்குடி, சுரக்குடி, கோட்டுச்சேரிமேடு என்று ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர், அதற்குள் ஆள்பெயர். ஸ்கேன் ஆன தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் குறைவு. என்னுடையதை அம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டபோது நான் தடுக்கவே இல்லை. அதுதான் கடையில் இருக்கிறதே.

என் ப்ராஜெக்ட்டும் அங்கேதான் இருந்தது. பொருளாதாரப் படிப்பு எனக்கு. எங்கள் ஊரிலிருந்து கூடை தூக்கிப் போய் மீன் விற்கும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அம்மாவும் அவர்களில் ஒருத்தி. வெயிலில் அவர்கள் பின்னாலேயே நடந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் “போடி, நீயே எழுதிக்கடி” என்று கிண்டல் செய்தவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த விவரங்கள். கைடு மேடம் இரண்டு முறை திருத்தி, இனி பிரிண்ட் எடுத்துப் பைண்டிங் போடலாம் என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் வைவா கிடையாது, வைவா இல்லாவிட்டால் அந்த வருடம் டிகிரி கிடையாது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா கடலுக்குப் போகிற நாளெல்லாம் எங்களுக்குப் பயம் பழகிப்போன ஒன்று. ஆனால் இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. கடலுக்குப் போனவர் வரவில்லையென்றால் ஊரே கரையில் வந்து நிற்கும். என் படிப்பு போய்விட்டால் அதை வீட்டில் எப்படி எடுத்துச் சொல்வது என்றுகூட எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லாத்தாவுக்கும் அதுதான் படிப்பில் கடைசி வருடம். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகிவிட்டது. பிறகு மகள் பிறந்து, கடை வைத்து, தொலைநிலைக் கல்வியில் பிபிஏ சேர்ந்து, ஒரு வருடம் எழுதி, ஒரு வருடம் விட்டு என்று இழுத்துக்கொண்டே வந்திருந்தார். இத்தனை வருடத்துக்குள் முடிக்கவேண்டும் என்று அதற்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு அந்த மாதத்தோடு முடிந்தது. கணவர் வெளிநாட்டில் இருக்க, இங்கே கடை நடத்தும் பெண்களைப் பற்றி அவர் ப்ராஜெக்ட் எழுதியிருந்தார். பாக்கி அதை ஒப்படைப்பதுதான். “லாத்தா, நீங்க எங்களுக்கு சீனியரா ஜூனியரா?” என்று வரிச்சிக்குடிப் பையன் ஒருவன் அவரைச் சீண்டுவான். “உங்கம்மாவுக்குக் கிளாஸ்மேட்டுடா” என்பார். அவருடையதைப் பிரிண்ட் எடுத்தாயிற்றா என்று நான் ஒருமுறை கேட்டேன். “எங்கடை, எம்மெஷினு. நான் எப்ப வேணா எடுத்துக்குவேன். நீங்கதான் பஸ்ஸுக்கு ஓடணும், உங்களோடத மொதல்ல முடிப்போம்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை திருநள்ளாறு போகும் கூட்டத்தில் நசுங்கி, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். விளக்குப் போடவில்லை. லாத்தா நாற்காலியில் உட்காராமல், மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சிபியுவின் மேல் கையை வைத்திருந்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்திருந்தார். டக். டக். திரை கறுப்பாக இருந்தது, வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி.

“காலைலேர்ந்து இப்படித்தான் புள்ள அடிக்கிது. தொறக்கமாட்டேங்குது” என்றார். “சர்வீஸ்காரர வரச் சொல்லியிருக்கேன். யாருட்டயும் சொல்லிடாத.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பேப்பர் பண்டலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடுப்பில் வைத்த தாள்கள் ஒவ்வொன்றும், மேடம் திருத்தித் தந்த பிரிண்ட் உட்பட, ஞாபகத்துக்கு வந்தன. யாரிடமும் சொல்லாதே என்றால் யாரிடம் சொல்வது? கொஞ்ச நேரத்திலேயே ஷட்டருக்கு வெளியே கால்கள் வந்து நின்றன. செருப்புகளை வைத்தே ஆட்களைக் கண்டுகொள்ள முடிந்தது. அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள்தான். வரிச்சிக்குடிப் பையன் குனிந்து எட்டிப் பார்த்து, “என்ன லாத்தா, கடைக்கு லீவா?” என்று சிரித்தான். சத்தத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் விஷயம் கல்லூரி வாசல் வரை போய்விட்டது. வந்தவர்கள் யாரும் கத்தவில்லை, லாத்தாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கடைக்கு வெளியே, வெயிலில், அப்படியே நின்றார்கள்.

சர்வீஸ்காரர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். டிஸ்கைக் கழற்றினார், தான் கொண்டுவந்த லேப்டாப்பில் ஒரு வயரால் மாட்டினார், காதை வைத்துக் கேட்டார். “பாண்டியில குடுத்தா முழுசா எடுக்கப் பாப்பாங்க. ஆனா நாளாவும்” என்றார். நாள் எங்கே இருக்கிறது? திங்கட்கிழமைதான் இருந்தது. லாத்தா எங்கள் எல்லோரையும் பார்த்தார். “இங்கேயே பாருங்க” என்றார். சர்வீஸ்காரர் ஒரு முறை கழற்றி மாட்டினார், இன்னொரு முறை மாட்டினார். பிறகு திடீரென்று லேப்டாப் திரையில் ஃபோல்டர்கள் வந்து நின்றன. எல்லா ஊரும் இருந்தது. வெளியே நின்றவர்களில் ஒருத்தி கைதட்டியேவிட்டாள்.

சர்வீஸ்காரர் கையை உயர்த்தி எங்களை அடக்கினார். “சந்தோசப்படாதீங்க. இது எந்த நிமிசமும் நின்னுடும். நின்னா அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒண்ணொண்ணா எடுக்கலாம். எத மொதல்ல எடுக்கணும்னு சொல்லுங்க. மேலேர்ந்து வரட்டுமா?”

மேலே முதல் ஃபோல்டர் லாத்தாவுடையது. கடை திறந்த புதிதில் போட்டது; பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து எப்போதும் மேலேயே நிற்கும்படி செய்துவைத்திருந்தார். அதற்குக் கீழே காரைக்கால் டவுன், பிறகு எங்கள் ஊர், அப்படியே சுரக்குடி, திருநள்ளாறு, கடைசியில் வரிச்சிக்குடி. நான் லாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரை முதலில் சொல்லமாட்டாரா என்று மனசு அடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவரும் தன் ஊரைத்தான் நினைத்திருப்பார்கள். லாத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

“கீழேர்ந்து எடுங்க” என்றார்.

“கீழேர்ந்தா?”

“ஆமா. வரிச்சிக்குடிலேர்ந்து.”

வரிச்சிக்குடி லேப்டாப்புக்குப் போனது. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. திருநள்ளாறு போனது. சுரக்குடியில் கோடு பாதியில் நின்று, டக் என்று சத்தம் கேட்டு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டோம், பிறகு நகர்ந்தது. தங்கள் ஊர் முடிந்தவர்கள்கூடப் போகவில்லை. எங்கள் ஊரின் முறை வந்தபோது எனக்குத் திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை. லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். நானும் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். “வந்துடுச்சு” என்று யாரோ சொன்னார்கள். திறந்து காட்டச் சொன்னேன். என் ப்ராஜெக்ட்டின் முதல் பக்கம், என் பெயர், என் பதிவு எண். நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன்.

காரைக்கால் டவுன் ஃபோல்டரின் நடுவில் டிஸ்க் நின்றுவிட்டது. டக் டக்கென்று வேகமாக அடித்துவிட்டு ஓய்ந்தது. சர்வீஸ்காரர் கழற்றி மாட்டினார், தட்டினார், ஐஸ் வைக்கலாமா என்றுகூட யோசித்தார். வரவில்லை. டவுனில் இரண்டு பேருடையது பாதியோடு நின்றது. முதல் ஃபோல்டரை அது தொடவே இல்லை. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. லாத்தா அந்த இரண்டு பேரையும் பார்த்து, “கைடுகிட்ட திருத்தக் குடுத்த பழைய பிரிண்ட் இருக்கும்ல, போய் வாங்கியாங்க. மச்சி வீட்டுக் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தரேன்” என்றார். மச்சி என்றது அவருடைய நாத்தனாரை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அவர் உட்கார்ந்து அந்த இரண்டையும் டைப் அடித்தார். நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்து படித்துக் காட்டினோம். மத்தியானம் யாரோ பிரியாணி வாங்கிவந்தார்கள். லாத்தா சாப்பிடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார்.

திங்கட்கிழமை எல்லோரும் ஒப்படைத்தோம். வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் ப்ராஜெக்ட்டைப் புரட்டிவிட்டு, மீன் விற்பதில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது சார் என்றேன். அதே வாரத்தில் லாத்தாவின் கெடுவும் முடிந்தது. டிஸ்கைப் பாண்டிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள். கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தபோது, அவசரமாகப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுக்கலாமே என்று நான் போய்ச் சொன்னேன். “எனக்கு ஞாபகத்துலயே இல்ல புள்ள. ஒக்காந்தா வெறும் வெள்ளையாத் தெரியிது” என்றார். கல்லூரியில் அவரைப் பற்றி ஒரே பேச்சு. அப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்றார்கள். பிரிவு உபசார விழாவில் அவருக்கு ஒரு சால்வையும் போட்டார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் அதை மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

பட்டமளிப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் நகல் எடுக்க அங்கேதான் போனேன். புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நெற்றியில் இப்போது வேறு தாள்: ‘எல்லோரும் அவரவர் காப்பியை எடுத்துச் செல்லவும்.’ லாத்தா கையைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். மடங்கிவிடுமோ என்று பயந்து பயந்து கண்ணாடியில் வைத்தார். லேமினேட் பண்ணிவிடாதே, வெளிநாட்டுக்குப் போவதென்றால் ஏற்கமாட்டார்கள் என்று சொன்னார். கடையில் வேறு ஆள் இல்லை. அதனால் கேட்டுவிட்டேன். “ஏன் லாத்தா அன்னைக்குக் கீழேர்ந்து எடுக்கச் சொன்னீங்க?”

மூடியைத் திறந்து சான்றிதழை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

“பெரிய மனசு, பெரிய மனசுங்குறாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள. பயந்துட்டேன். அவ்வளவுதான். உங்கம்மா மீன் கூடையோட வந்து இந்த வாசல்ல நின்னு, எம்மவ படிப்ப எங்க வச்சேம்மான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒவ்வொருத்தர் வீட்டுலேர்ந்தும் வந்து கேப்பாங்கள்ல. எம்படிப்பு எங்கன்னு கேக்கத்தான் ஒருத்தரும் வரமாட்டாங்களே.”

நகலுக்குக் கொடுத்த காசை வாங்க மறுத்துவிட்டார். சான்றிதழை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் ஓரம் காற்றடித்தது, மடங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

இப்போது நான் காரைக்காலிலேயே ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் மூன்று இடத்தில் சேமித்து வைக்காமல் எழுந்திருக்கமாட்டேன். கூட வேலை செய்பவர்கள் அதற்கு எனக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாளாவது லாத்தா கடைக்குப் போகிறேன். நகல் எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போய் வாசலில் நிற்கிறேன். “லாத்தா, உங்க படிப்பு எங்க?” என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் சிரித்தார். பிறகு ஒருநாள் கோபித்துக்கொண்டு, போ புள்ள, வேலை கிடக்கு என்று விரட்டினார். விடாமல் கேட்டேன். போன வாரம் போனபோது அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

“மறுபடியும் மொத வருசத்துலேர்ந்து எழுதணும்ங்குறாங்க” என்றார். “எனக்குப் பயமா இருக்கு புள்ள.”

“எனக்கும்தான் லாத்தா” என்றேன். “அடுத்த மாசமும் வந்து கேப்பேன்.”